குடிச்சிட்டுப் பேசு

நர்ஸுக்கு முதலில் வந்தது கொட்டாவிதான். மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்று, வரிசையின் கடைசிப் பெண்ணுக்குப் பிளாஸ்டிக் குவளையை நீட்டும்போது, தாடை கழன்றுவிடும் போல ஒன்று. அது அடங்குமுன் இன்னொன்று.

"என்ன சிஸ்டர், ராத்திரி அண்ணன் தூங்க விடலையா?" தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா சிரித்தாள்.

"உன் வாயைத் துடைச்சா தரை தானா சுத்தமாயிடும்," என்ற நர்ஸ், ஜன்னலுக்கு வெளியே நின்றவளிடம் திரும்பினாள். "ம், குடிச்சிட்டுப் பேசு."

அந்த ஆஸ்பத்திரியில் அதுதான் வழக்கம். போதையில் விழுந்த கர்ப்பிணிகளுக்குத் தினமும் மாற்று மருந்து. திடீரென்று நிறுத்தினால் வயிற்றுப் பிள்ளை தாங்காது. வாயில் அடக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று, குடித்ததும் பேசச் சொல்வார்கள்.

சில மாதம் முன்பு வரை, மெலிந்த தோளும் கலைந்த தலையுமாக, சிட்டு என்று கூப்பிடப்பட்ட ஒரு பெண்ணும் இதே ஜன்னலில் குடித்துப் பேசியவள்தான். வயிறு பெருகப் பெருக அவளுக்கு மருந்தைக் கூட்டினார் டாக்டர். நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையைச் சுமந்துகொண்டு இவளுக்குப் போதை கேட்கிறதா? குழாய்த் தண்ணீரை ஊற்றி, நிறத்துக்கு மட்டும் ஒரு சொட்டு மருந்து விட்டுக் கொடுத்தாள். தினமும்.

"அக்கா, வெறும் தண்ணியா இருக்குக்கா. உடம்பெல்லாம் முறுக்குது. உள்ள பாப்பா துடிக்குதுக்கா."

"நடிக்காதே. அடுத்த ஆள் வா."

பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அடங்கியது. அதன் பின்னாலேயே தாயும் போனாள். நர்ஸை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போதைக்காரிதானே.

இன்றைய கடைசிப் பெண் குடித்து, பேசி, போனாள். ஆயாவும் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வெளியே இன்னும் வெயில் மிச்சமிருந்தது; ஆனால் மருந்து அறைக்குள் எங்கிருந்தோ ஈரத்துணியின் வாடையும், அதற்கடியில் தித்திப்பாக, கெட்டுப்போன பாலைப் போல ஏதோ ஒன்றும் மெதுவாகப் பரவி அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மூக்கு ஒழுகியது. கண்ணில் நீர். மின்விசிறி நின்றிருந்தும் கைமயிர் சிலிர்த்து நின்றது. எலும்பை யாரோ துணி பிழிவது போலப் பிழிந்தார்கள்.

மருந்து நின்றுபோன போதைக்காரியின் இந்த அறிகுறிகள் அவளுக்கு அத்துப்படி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறாள். ஆனால் அவள் வாழ்நாளில் ஒரு மிடறு தொட்டதில்லை.

எதைக் குடித்தால் அடங்கும் என்பதும் தெரியும்.

அலமாரியைத் திறந்தாள். புட்டியை அப்படியே வாயில் கவிழ்த்தாள்.

தண்ணீர்.

அடுத்த புட்டி. தண்ணீர். சீல் உடைக்காத புட்டியைப் பல்லால் திறந்தாள். குழாயின் துருவாடை அடிக்கும் அதே தண்ணீர்.

அப்போதுதான் வயிற்றுக்குள் உதைத்தது.

அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துப் பல வருஷமாகிறது. கையை வைத்தாள். மறுபடி உதை. பிறகு உதையல்ல, துடிப்பு. மூச்சுக்கு அல்லாடும் ஒரு சின்ன உடம்பு உள்ளே புரண்டது.

ஆயாவைக் கூப்பிட ஓடினாள். கதவைத் தாண்டினாள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

நிமிர்ந்தபோது அவள் வரிசை நிற்கும் பக்கத்தில் நின்றிருந்தாள்; மருந்து ஜன்னல் அவளுக்கு எதிரே இருந்தது. உள்ளே குழாய் திறந்திருந்தது. குவளை நிறையும் சத்தம். கண்ணாடி ஆவி படிந்து வெளுத்திருந்தது. அதற்குப் பின்னால் மெலிந்த தோள், கலைந்த தலை.

போய்விட நினைத்தாள். கால் வரவில்லை. வயிற்றில் துடிப்பு.

"அக்கா..." அவள் வாய்தான் சொன்னது. "பாப்பா துடிக்குதுக்கா."

"நடிக்காதே."

கண்ணாடிக்கு அடியிலிருந்து குவளை நகர்ந்து வந்தது. நிறத்துக்கு ஒரு சொட்டுகூட இல்லை. இரண்டு கையாலும் ஏந்திக் குடித்து, குவளையைத் திரும்ப வைத்தாள்.

"பேசு."

வாயைத் திறந்தாள். அவள் குரல் வரவில்லை. வயிற்றின் ஆழத்திலிருந்து ஏறி, தொண்டை வழியாக, பிறந்த பிள்ளையின் முதல் அழுகை வந்தது.

உள்ளே இருந்தவள் தலையைச் சாய்த்து அதைக் கேட்டாள். கண்ணாடியில் அவள் உள்ளங்கை படிந்தது. மறு கை குவளையை உள்ளே இழுத்து, குழாயடியில் வைத்தது.