திரை சொன்ன பொய்

"ஐயோ... நிறுத்துங்க!"

டாக்டர் வினிதாவின் அலறலில் ஆபரேஷன் தியேட்டரே உறைந்தது.

குப்புறக் கிடந்த மூக்கையாவின் முதுகில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதற்குள் அவளுடைய கருவி. எதிரே திரையில், கருவியின் முனை எலும்பின் நட்டநடுவே தெரிந்தது.

ஆனால் கையில் எலும்பு தட்டவில்லை... மெத்தென்று சதை!

"ஸ்க்ரீன்ல கரெக்டாத்தான இருக்கு மேடம்?" என்றான் டெக்னீஷியன் முகேஷ்குமார்.

"ஸ்க்ரீன் பொய் சொல்லுது!"

இடுப்பெலும்பில் ஒரு சட்டம் பொருத்தியிருந்தார்கள். அதிலுள்ள வெள்ளைப் பந்துகளைக் கேமரா பார்த்துத்தான் திரையில் வழி காட்டும். அந்தச் சட்டம் நகர்ந்திருந்தது!

அவள் கையுறை மாற்றத் திரும்பிய நேரத்தில் யாரோ அசைத்திருக்கிறார்கள்.

இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் பெரிய ரத்தக்குழாய்... மூக்கையா பிணம்!

மூக்கையா நிலக்கோட்டைப் பூ வியாபாரி. சின்னாளப்பட்டி அருகே அவர் பைக்கை ஒரு கார் இடித்துவிட்டுப் பறந்தது. பின்னால் இருந்த மனைவி அங்கேயே செத்துப்போனாள்.

"ஓட்டுனவன் மூஞ்சி மறக்கல தாயி... எந்திரிச்சதும் காட்டித் தாரேன்" என்று நேற்றுதான் வினிதாவிடம் சொன்னார்.

"பதறாத வினி. மறுபடி ஸ்கேன் எடு" என்றான் தலைமாட்டில் மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்த டாக்டர் பிரபு. அவளுடைய கணவன்.

எடுத்தாள். முறிந்த முதுகெலும்பைப் பிடித்து நிறுத்தும் ஸ்க்ரூக்கள் சரியாக இறங்கின. மூக்கையா பிழைத்தார்.

வெளியே வந்ததும் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"சட்டத்த அசைச்சது யாருன்னு அந்த கேமராவுல பதிவாயிருக்கு. போலீஸ் வந்து எடுத்துக்கிரும்."

அரை மணி நேரம்.

தியேட்டர் கதவு மெல்லத் திறந்தது. ஓர் உருவம் மெஷினை நெருங்கி, வயரைப் பிடுங்கியது...

விளக்கு எரிந்தது!

இன்ஸ்பெக்டர் கருப்புசாமியோடு ஒளிந்திருந்த வினிதா வெளியே வந்தாள்.

"பிரபு... நீங்களா? அந்தக் கார்...?"

"குடிச்சிருந்தேன் வினி. என் மூஞ்சி அவனுக்கு மறக்கலன்னு நீதான நேத்து வந்து சொன்ன. அவன் பொழச்சா நான் ஜெயிலுக்குத்தான்!"

"மருந்து உங்க கையிலதான இருந்துச்சு... எதுக்கு இம்புட்டுச் சுத்து?"

பிடுங்கிய வயரைக் கீழே போட்டான் பிரபு.

"மருந்துல செத்தா பழி என் மேல விழும். ஸ்க்ரூல செத்தா..."

"என் மேல!"

பளாரென்று அறைந்தாள். விலங்கு பூட்டினார் கருப்புசாமி.

"அந்த வீடியோவக் குடுங்கம்மா. கோர்ட்டுல காட்டணும்."

"அப்படி ஒண்ணு இல்லவே இல்ல சார். அந்த கேமராவுக்குப் பந்துதான் தெரியும், மனுஷன் மூஞ்சி தெரியாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள் வினிதா.

"கல்யாணமான நாள்லருந்து எனக்கும் தெரியலயே சார்!"