பெட்டி லென்ஸ்

உப்பளம் பகுதியில் லினெட் வீட்டு ஜன்னலும் என் வீட்டு ஜன்னலும் ஒரே சந்தில் எதிரெதிராக இருக்கின்றன. அவள் வீட்டில் என்ன குழம்பு என்று என் மூக்குக்குத் தெரிந்துவிடும். யாரோடு சண்டை என்று காதுக்குத் தெரிந்துவிடும். இதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. ஜன்னலை அங்கே வைத்தது நான் இல்லை.

அன்று காலை பத்து மணிக்கு அவள் ஒயர்கூடையில் எதையோ துண்டு சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"எங்க லினெட்டு?"

"லாஸ்பேட்டைக்கு. கேமராவ சர்வீஸ் பண்ணணும், வசந்தாக்கா."

"அவரு கேமராவா?"

"என் கேமரா. அவருதான் செத்துட்டாரே."

கத்தரிக்காய் விலை சொல்வதைப்போலச் சொன்னாள். புருஷன் ஜூலியன் போய் ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

ஜூலியன் போட்டோகிராபர். கல்யாணம், காட்சிக்கெல்லாம் வேறு ஆட்கள் உண்டு, சாவுக்கு அவர்தான். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில், பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பமே சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். வரமுடியாத பிரான்சு உறவுக்காரர்களுக்கு ஒரு பிரதி போகும். சின்னக் கூடத்தில் பெட்டியும் முப்பது பேரும் அடங்க வேண்டுமே, அதற்காகவே அகலமாகப் பார்க்கிற முப்பத்தைந்து எம்.எம். லென்ஸ் வைத்திருந்தார். பேட்டரியே இல்லாத கேமரா. எல்லாம் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும். ஸ்டூல்மேல் ஏறி நின்று, "எல்லாரும் கீழ பாருங்க" என்பார். மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறவள்கூடச் சட்டென்று அடங்கிப் பெட்டியைப் பார்ப்பாள்.

கிளிக்.

முப்பது வருடம் அந்த லென்ஸ் வேறு எதையும் பார்த்ததில்லை. எங்கள் சந்தில் அதற்குப் பெயரே பெட்டி லென்ஸ்.

அவர் மகள் ரூபி, காலாப்பட்டுப் பக்கம் மீன் வியாபாரம் செய்கிற சொர்ணத்தின் மகன் பாலாஜியைக் கட்டிக்கொள்வேன் என்றாள். ஜூலியன் குதித்தார். "அவனப் படம் எடுக்கணும்னா படுக்க வச்சித்தான் எடுப்பேன்!" சொன்னது வீட்டுக்குள், கேட்டது சந்து முழுக்க. அடுத்த வாரமே மாரடைப்பு வந்து அவரே படுத்துவிட்டார். அவர் பெட்டியைச் சுற்றி நாங்கள் நின்றபோது, யாரோ ஒரு பையன் செல்போனில் எடுத்தான். அதுவும் ஆடிப்போன படம்.

இப்போது கல்யாணத் தேதி குறித்தாயிற்று. அந்த மருமகனை, அதே கேமராவில், நிற்க வைத்துத் தானே படம் எடுப்பது என்று லினெட் முடிவு செய்திருந்தாள்.

லாஸ்பேட்டையில் கன்னியப்பன் தன் வீட்டு முன்னறையில் பழைய கேமராக்களைப் பழுது பார்க்கிறவர். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, கேமராவைத் திருப்பிப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"அண்ணி, ஷட்டர் ஏத்துன மேனிக்கே இருக்கு, அமுக்குனா படம் எடுத்துடும். ஸ்பிரிங் தளந்துடும்னு ஜூலியண்ணன் ஒருநாளும் இப்படி வைக்க மாட்டாரே. யாரு தொட்டது?"

"நான் தொடல. பீரோல பூட்டி வச்சிருந்தேன்."

என் பக்கம் திரும்பினார். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பீரோ சாவி என்னிடம் கிடையாது.

இரண்டு லென்சையும் டார்ச் அடித்துக் காட்டினார். ஐம்பது எம்.எம். லென்சுக்குள் சிலந்தி வலைபோல் வெள்ளை நூல் ஓடியிருந்தது. ரூபியின் ஞானஸ்நானத்துக்கென்று லினெட் வாங்கிக் கொடுத்தது. அந்த ஒருநாளோடு சரி. ஜூலியன் பிறகு அதைத் தொடவேயில்லை.

"கடக்காத்துல பூஞ்ச புடிச்சிப்போச்சு. அழுத்தித் தொடச்சா கண்ணாடிமேல இருக்கிற பூச்சும் போயிடும். இதுல எடுத்தா பனி மூடுனமாரி வரும். முப்பத்தஞ்சையே போட்டுக்க, அண்ணி. கண்ணாடி பளிங்கா இருக்கு."

நாங்கள் கண்ணாடியின் சுத்தத்தைத்தான் பார்த்தோம். அது எதையெல்லாம் பார்த்த கண்ணாடி என்று யோசிக்கவில்லை.

நாலு நாள் கழித்துப் போய் வாங்கினோம். ஷட்டர் எல்லா வேகத்திலும் சுத்தமாக விழுந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் கொடுத்தார். "தானா எடுக்கிற டைமர்ல சக்கரம் தேஞ்சிருக்கு. சிக்கிக்கிட்டா கேமராவே முடங்கிடும். அதனால கழட்டி இதுல போட்டுட்டேன். இனிமே அந்த டைமர் ஓடாது."

டப்பாவைக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே சக்கரம் கலகலவென்றது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, லினெட் வீட்டுக் கூடத்தில் சோதனைக்குப் படம் எடுத்தோம். ரூபி, பாலாஜி, சொர்ணம், கூப்பிடாமலே போன நான். மொட்டை வெயில் நேரம், ஜன்னலெல்லாம் திறந்திருந்தது.

"நல்லா சிரிங்க சம்மந்தி, மீன் வெலயா கேட்டேன்?" என்றாள் லினெட். சொர்ணம் சிரித்தாள். எல்லாரும் சிரித்தோம்.

அப்போது வாடை வந்தது.

உருகிய மெழுகு. சாம்பிராணி. பாதி வாடிய ரோஜா மாலை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வாசனையை அமுக்கிக்கொண்டு வந்தது.

என் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல், ஸ்டூல்மேல் நிற்கிற உயரத்திலிருந்து.

"கீழ பாருங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊர்க்கதையெல்லாம் சொல்கிற வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. லினெட் ஐந்து படம் எடுத்தாள்.

திங்கட்கிழமை மதியம் அவளே குளியலறையில் பிலிமைக் கழுவினாள். ஜூலியன் எடுப்பார், முப்பது வருடமாகக் கழுவியது இவள். காய்ந்த பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள், என்னிடம் நீட்டினாள்.

முதல் படத்தில் பாலாஜி நிற்கிறான்.

இரண்டாவதில் சுவரில் சாய்ந்திருக்கிறான்.

மூன்றாவதில் தரையில் உட்கார்ந்திருக்கிறான்.

நான்காவதில் அவன் தலை மட்டும், படத்தின் கீழ் விளிம்பில்.

ஐந்தாவதில் அவன் இல்லை. நாங்கள் மூன்று பேரும் வாயில் சிரிப்போடு, கண்ணை மட்டும் தாழ்த்தி, நடுவில் ஆறடி இடம் விட்டு, அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

"அவன் நின்னுக்கிட்டேதான இருந்தான்?" என்றேன்.

போன் அடித்தது. சொர்ணம். காலையிலிருந்து பாலாஜிக்கு இரண்டு காலும் மரத்துப் போயிருக்கிறது. டாக்டர் ஊசி போட்டிருக்கிறார். மரப்பு முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலையில் சொர்ணம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். படத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சம்மந்தி, உன் காலப் புடிக்கிறேன். அந்தச் சனியனக் கடல்ல வீசிடு."

"வீசிட்டா இதான் கடைசிப் படம். அவரு எடுத்தது எடுத்ததா நிக்கும்." லினெட் எழுந்தாள். "நேத்தே அந்த லென்ச கழட்டிட்டு அம்பத மாட்டி வச்சிட்டேன். பனி மூடுனா மூடட்டும். அது பொட்டியப் பாக்கல, எம் புள்ளையப் பாத்த லென்சு."

பீரோவைத் திறந்தாள்.

கேமராவில் முப்பத்தைந்து மாட்டியிருந்தது. ஷட்டர் ஏற்றியிருந்தது. ஐம்பது, அடித்தட்டின் மூலையில் கவிழ்ந்து கிடந்தது.

பீரோ சாவி லினெட்டின் கழுத்துச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சொர்ணம் கும்பிட்டுக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தாள். நானும் நகர்ந்தேன், ஆனால் முழுவதும் போகவில்லை. நான் பார்க்காவிட்டால் பிறகு யார் சொல்வது?

லினெட் லென்சைத் திருகினாள். வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ மறுபக்கம் திருகுவதைப்போல் அவள் மணிக்கட்டு நடுங்கியது. அவள் முகத்தில் பயம் வருமென்று பார்த்தேன். எரிச்சல்தான் வந்தது; முப்பது வருடக் குடித்தனத்தின் எரிச்சல்.

"விடுய்யா," என்றாள் வெற்றிடத்தைப் பார்த்து. "உயிரோட இருந்தப்ப இந்தக் கேமராவத் தொட விட்டியா? பக்கத்துல வந்தா நெழல் விழுதும்ப. இப்ப நீயே நெழலு. விடு."

லென்ஸ் கழன்றது.

அடுக்களைக்குப் போனாள். அம்மிக்குழவியைத் தூக்கினாள். ஒரே போடு.

கண்ணாடி உடைந்ததும் அடுக்களை முழுக்கச் சாம்பிராணி வாடை.

"கேமராவையும் போட்டுடு," என்றேன் வாசலில் நின்றபடி.

"கேமரா என்னா பண்ணுச்சு? அது வேல செய்யிற கருவி. நான் எதுக்கு ஒடைக்கணும்?"

வியாழக்கிழமை கல்யாணம். பதிவு அலுவலகத்துக்குப் பாலாஜியை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். கையெழுத்துப் போடும்போது அவன் உதடு நீலமாக இருந்தது. "இன்னிக்கு வேணாம், இன்னொரு நாள் பாத்துக்கலாம்," என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ரூபி கேட்கவில்லை. அம்மாவுக்குப் பிறந்த பெண்தானே.

பதினொரு மணிக்கு எங்கள் சந்தில் வெயில் நேராக இறங்கும். ஐம்பது எம்.எம். லென்சில் கூடத்துக்குள் எடுத்தால் நாலு பேர்கூட அடங்க மாட்டார்கள். அதனால் தன் வீட்டு வாசலில் எங்களை நிறுத்திவிட்டு, லினெட் சந்தின் கோடி வரைக்கும் பின்னால் நடந்தாள். நடுவில் ரூபி. பக்கத்தில் நாற்காலியில் பாலாஜி. இந்தப் பக்கம் சொர்ணம், அந்தப் பக்கம் பட்டுப்புடவையில் நான்.

"எழுந்திரு, மாப்ள!"

"முடியல, அத்த. இடுப்புக்குக் கீழ எதுவுமே தெரியல."

"ரூபி, கையக் குடு. தூக்காத. அவனே எழுந்திருக்கட்டும்."

வாடை வந்தது.

மெழுகு.

சாம்பிராணி.

நட்டநடு வெயிலில் எங்கள் காலடியில் மட்டும் ஆறடி நீளத்துக்கு நிழல் விழுந்தது. மேலே மேகம் இல்லை.

பாலாஜியின் தலை மெல்லக் கவிழத் தொடங்கியது. சொர்ணத்தின் தலையும்.

"யாரும் கீழ பாக்கக் கூடாது!" சந்தின் கோடியிலிருந்து லினெட் போட்ட சத்தத்தில் காக்கைகள் பறந்தன. "என்னப் பாருங்க! முப்பது வருஷமா அந்த ஆளு எடுத்ததையெல்லாம் கழுவுனது இந்தக் கையி. எதக் காட்டணும், எத அழிக்கணும்னு எனக்குத் தெரியும். நிமிருடா பாலாஜி! ஒன்ன நிக்க வச்சி எடுக்காம இந்தக் கேமராவ எறக்க மாட்டேன். சாயங்காலம் ஆனாலும் நிப்பேன்!"

பாலாஜி நாற்காலியின் கையைப் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு முழங்கால் நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று.

நின்றான்.

கிளிக்.

நிழல் போய்விட்டது. அவன் நடந்தே வீட்டுக்குள் வந்து, மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டான். நான் எண்ணினேன்.

இன்று மதியம் லினெட் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். கன்னியப்பன் சொன்னதைப்போலப் பனி மூடித்தான் இருக்கிறது. ஆனால் பாலாஜி நிற்கிறான். அவன், ரூபி, சொர்ணம் மூவரும் நேராகப் பார்க்கிறார்கள்.

நான் மட்டும் கீழே பார்க்கிறேன்.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். லினெட் கத்திய அதே நொடியில், என் காதில் அந்தக் குரல் மறுபடியும் சொன்னது. பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் யாராவது ஒன்றைப் பார் என்று சொல்லி நான் பார்க்காமல் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். நிழலுக்குள் பெட்டி இருந்தது. மூடி திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. விரிப்பு மட்டும் என் புடவை நிறத்தில் இருந்தது.

படத்தைப் பார்த்ததிலிருந்து வலது கால் மரத்திருக்கிறது. உட்கார்ந்து எழுதுவதால் இருக்கலாம்.

லினெட்டிடம் சொன்னேன். அவள் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "நாளைக்குக் காலைல பதினோரு மணிக்குத் தயாரா இரு. வாசல்ல நிக்க வச்சி எடுக்கிறேன். அந்தப் பட்டையே கட்டிக்க," என்றாள்.

கட்டிக்கொள்வேன். அவர் உயிரோடு இருந்தபோதே நான் பயந்ததில்லை. இந்த ஜன்னலைக் காட்டி என்னைத் திட்டாத நாள் கிடையாது, ஒருநாளாவது மூடினேனா?

இப்போதும் திறந்துதான் இருக்கிறது. எதிர் வீட்டில் ஆளில்லை. லினெட் காய்கறி வாங்கப் போயிருக்கிறாள். கேமரா மேசைமேல் என் பக்கம் திரும்பியிருக்கிறது. டைமர் சக்கரம் கிடக்கிற டப்பா, அன்றைக்கே நான் வாங்கி வைத்துக்கொண்டது, என் கையில் இருக்கிறது. இப்போதுகூடக் குலுக்கிப் பார்த்தேன். சக்கரம் உள்ளேதான் கலகலவென்கிறது.

ஆனால் எதிர் ஜன்னலிலிருந்து, டைமர் ஓடுகிற சத்தம் வந்துகொண்டிருக்கிறது.

கிர்ர்ர்ர்ர்.

எழுந்து நிற்கப் போகிறேன்.