அம்மாவின் வண்டிக்கு அளவு

எங்கள் வீட்டில் மூன்று பேர். அப்பா பேருந்து ஓட்டுகிறார். அம்மா துணி தைக்கிறாள். எனக்கு வேறு வேலை எதுவும் கிடைக்காததால் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு அம்மாவின் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. முதலில் படியில் தடுக்கியது. பிறகு சமதரையிலேயே தடுக்கியது. மருத்துவமனையில் நாள் முழுக்கக் காத்திருந்தோம். என்னென்னவோ சோதனைகள் எடுத்தார்கள். கடைசியில் டாக்டர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

"இது நரம்புல வர்ற நோய். குணமாகிடும்னு பொய் சொல்ல மாட்டேன். இதுக்கு மேல கூடாம பாத்துக்கலாம்."

அப்பா, "என்ன செய்யணும் சொல்லுங்க டாக்டர்" என்றார்.

"சக்கரம் வச்ச வாக்கர் ஒண்ணு வாங்குங்க. தினமும் கொஞ்சமாவது நடக்கணும். நடக்கறதை விட்டுட்டா, இருக்கிற பலமும் போயிடும்."

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் நான் ஒரு ஜோக் சொன்னேன். அது பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டது.

தெருக்கோடியில்தான் அம்மாவின் கடை. ஒரே ஓர் அறை. அதன் ஷட்டர் அன்றிலிருந்து இறக்கியபடியே கிடந்தது.

வாக்கர் விற்கும் கடை ஒரு மாடியில் இருந்தது. நடக்க முடியாதவர்களுக்கான கடையை மாடியில் வைத்தவரை நான் ஒருநாள் சந்திக்க வேண்டும். அம்மாவால் ஏற முடியாது என்பதால் அப்பாவும் நானும் போவதாக முடிவானது.

"கைப்பிடி உயரம் கேப்பாங்க. கையைத் தொங்கப் போட்டு நின்னா, தரையிலேருந்து மணிக்கட்டு வரைக்கும் எவ்வளவோ, அதுதான் அளவாம். டாக்டர் எழுதியிருக்கார். நான் எடுக்கட்டுமா?" என்றார் அப்பா.

"நீங்க பஸ்ஸ ஓட்டுங்க. அளவை நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா.

மறுநாள் நான் பள்ளியில் இருந்தபோது, அம்மா தனியாக எழுந்து நின்று தன் அளவைத் தானே எடுத்துவிட்டாள். மாலையில் நான் பையைக் கழற்றுவதற்குள், "எழுதிக்கோடி. முப்பது இஞ்ச்" என்றாள். எழுதிக்கொண்டேன்.

கடைக்காரர் எங்களுக்கு ஒவ்வொரு வாக்கராக உருட்டிக் காட்டினார்.

"இது முன்னாடி ரெண்டு சக்கரம், பின்னாடி ரப்பர் கால். வீட்டுக்குள்ள மட்டும்னா இது போதும். வெளிய போவாங்களா?"

"போகணும். தெருக்கோடியில அவ கடை இருக்கு" என்றார் அப்பா.

"அப்ப நாலு சக்கரம். சின்ன சக்கரம் வேணாம், குழியில மாட்டும். களைச்சுப் போனா உக்கார சீட்டு இருக்கற மாதிரி எடுங்க."

அப்பா ஒரு பேருந்தையே வாங்க வந்தவர் மாதிரி சக்கரங்களைக் குனிந்து பார்த்தார். பிரேக்கைப் பத்துத் தடவை பிடித்து விட்டார். சீட்டில் உட்கார்ந்து குலுங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து வாக்கரின் குறுக்கே பிடித்தார். எங்கள் குளியலறைக் கதவின் அகலம் அது.

"ஹாரன் இல்லையா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார். "உங்க பொண்ணா?"

"ஆமாங்க. என்ன செய்யறது?"

நான் அளவை எழுதியிருந்த துண்டுச் சீட்டைக் கடைக்காரர் வாங்கிப் படித்தார். "ஆளை நிறுத்திப் பாத்து உயரம் வைக்கிறதுதாங்க சரி. இந்த அளவை யார் எடுத்தது?"

"அவளேதான். டெய்லர்ங்க. இருபது வருஷத்துல அவ எடுத்த அளவு ஒண்ணுகூடத் தப்பினதில்ல."

கைப்பிடிக் கம்பிகளில் இஞ்சுக்கு ஒன்றாக வரிசையாகத் துளைகள் இருந்தன. கடைக்காரர் முப்பதுக்குரிய துளையில் திருகை மாட்டி முடுக்கினார். "பத்து நாளைக்குள்ள சரிப்படலன்னா கொண்டுவாங்க, திருப்பி எடுத்துக்கறேன்" என்றார்.

வண்டி வீட்டுக்கு வந்தது. அம்மா அதைப் பிடித்து எழுந்தாள். தொலைந்த ஊசியைத் தேடுபவள் போலக் குனிந்து, ஓர் அடி வைத்தாள். வண்டி இரண்டடி ஓடியது. அதைப் பிடிக்க அம்மா இன்னும் குனிந்தாள்.

"பாத்தீங்களா? இடுப்பும் போச்சு" என்றாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான். இந்த இரண்டு மாதத்தில் எங்கள் வீடு அப்படி ஆகியிருந்தது. நல்ல செய்தி வந்தால் ஆயிரம் கேள்வி கேட்போம். கெட்ட செய்தி வந்தால், 'வா, உள்ளே வந்து உட்கார்' என்று நாற்காலி போட்டுவிடுவோம்.

நான்காம் நாள் சமையலறை வாசலில் வண்டி முன்னே ஓடிவிட, அம்மா அதன் பின்னாலேயே குப்புற விழுந்தாள். முழங்கையில் ரத்தம். முழங்கால் வீங்கிவிட்டது. அப்பா அவளைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்து மருந்து போட்டார். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. வெளியே வந்தபோது அவர் குளித்திருக்கவில்லை. கண்கள் மட்டும் சிவந்திருந்தன.

அதன் பிறகு அம்மா எழவே இல்லை. குளியலறைக்கு மட்டும் அப்பாவின் தோளைப் பிடித்துப் போய் வந்தாள். வண்டி மூலையில் நின்றது. நான்கு நாளில் அதன் மேல் ஒரு துண்டு, என் பாவாடை, அப்பாவின் சட்டை எல்லாம் ஏறிக்கொண்டன. இவ்வளவு நல்ல பிரேக் உள்ள துணிக்கொடி வேறு எந்த வீட்டிலும் இருக்காது.

ஒன்பதாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது அம்மா சொன்னாள். "அதைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"இன்னும் கொஞ்ச நாள் பழகிப் பாரேன்" என்றார் அப்பா.

"பழகறதுக்கு என்ன இருக்கு? எனக்கு இனிமே இந்தக் கட்டில் போதும்."

அப்பா சண்டை போடுவார் என்று நினைத்தேன். ஒரு சட்னிக் கரண்டிக்குக்கூட அரை மணி நேரம் வாதாடுகிறவர் அவர். ஆனால், "சரி. நாளைக்கு டூட்டி முடிஞ்சு வந்து எடுத்துட்டுப் போறேன்" என்றார். அவ்வளவுதான்.

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

நடப்பதை விட்டால் இருக்கிற பலமும் போய்விடும் என்று டாக்டர் சொன்னாரே. வண்டி போய்விட்டால், அம்மா கட்டிலோடு இருந்துவிடுவாள்.

ஒருவேளை வண்டி சரிப்படாமல் போனது என் வேலையோ? என் கையெழுத்தைப் பார்த்து, "இது எட்டா, எறும்பா?" என்று கேட்டவர் எங்கள் டீச்சர். நான் எழுதியது கடைக்காரருக்குத் தப்பாகத் தெரிந்திருந்தால்?

மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும் வண்டியின் பையில் கிடந்த அளவுச் சீட்டைத் தேடி எடுத்தேன். முப்பது. வாழ்க்கையில் முதல் முறையாக அன்றைக்குப் பார்த்து அழகாக எழுதித் தொலைத்திருந்தேன். திருகும் சரியாக முப்பதில்தான் இருந்தது.

என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவின் டேப்பை எடுத்துக்கொண்டு அடுத்த அறையில் பீரோக் கண்ணாடி முன்னால் நின்றேன். என்னையே அளந்து பார்க்கலாம் என்று டேப்பின் நுனியைக் காலால் மிதித்து, மேலே இழுத்து, மணிக்கட்டோடு பிடித்து, எண்ணைப் படித்தேன். இருபத்துமூன்று.

நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். டேப் கையிலிருந்து நழுவியது. இப்போது மணிக்கட்டு இன்னும் உயரத்தில் இருந்தது!

மறுபடியும் எடுத்தேன். இந்தத் தடவை படிக்கும்போதே ஓரக்கண்ணால் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் ஒரு கேள்விக்குறி நின்றுகொண்டிருந்தது. எண்ணைப் படிக்க நான் குனிந்திருந்தேன். நான் குனிய, கையும் கூடவே கீழே இறங்கியிருந்தது. மூன்றாம் தடவை கீழே பார்க்காமல் நேராக நின்று, டேப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிறகு படித்தேன். இருபத்தாறு.

அம்மாவும் தனியாகத்தான் அளந்தாள். அவளும் குனிந்துதான் படித்திருப்பாள். இடுப்பு எங்கேயும் போகவில்லை. வண்டிதான் குள்ளம்!

கத்திக்கொண்டு ஓடப் பார்த்தேன். கதவருகே கால் நின்றுவிட்டது.

அம்மாவிடம் போய் என்ன சொல்வது? நீ எடுத்த அளவு தப்பு என்றா? கால் போனது. கடை போனது. 'அவ எடுத்த அளவு தப்பாது' என்ற ஒரு பேச்சுதான் அம்மாவிடம் மிச்சம் இருந்தது. அதையும் நான் போய்ப் பிடுங்குவதா?

கதவருகிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே போனேன். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்னத்த உடைச்ச?"

"உடைக்கல. நீ அன்னிக்கு முப்பதுக்கு மேல என்னமோ சொன்ன. நான் முப்பதோட நிறுத்திட்டேன். அதான் வண்டி குள்ளமாயிடுச்சு."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். தைத்து முடித்த துணியைப் புரட்டிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"நான் என்ன சொன்னேன்?"

"அதுதான் மறந்துபோச்சு. திரும்ப எடுக்கலாமா?"

"எதுக்கு? உங்கப்பா வந்து அதை எடுத்துட்டுப் போகப் போறார். விடு."

"விட முடியாதும்மா. என்னாலதான் நீ விழுந்தேன்னு எனக்குப் பல்லு போற வரைக்கும் நினைச்சுட்டே இருக்கணும். பாவமா இல்ல?"

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் பெருமூச்சு விட்டாள். "சரி, எடுத்துத் தொலை."

அவள் கட்டிலை ஒட்டி எழுந்து நின்றாள். தடுமாறினால் கட்டிலிலேயே உட்கார்ந்துவிடலாம். நடக்கும்போது போடுகிற செருப்போடுதானே அளக்க வேண்டும் என்று நான் வெளிச் செருப்பை எடுத்து வந்து போட்டுவிட்டேன்.

"கையைத் தொங்கப் போடு. கீழ பாக்காத."

"எனக்கே சொல்றியா?"

"பாக்காதம்மா!"

மண்டியிட்டு அளந்தேன். அம்மாவின் கால்கள் நடுங்குவது டேப்பிலேயே தெரிந்தது. இரண்டு தடவை படித்தேன்.

"எவ்வளவு?"

"முப்பத்துமூணு."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். என் கையிலிருந்த டேப்பை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாள். உதவி செய்கிறேன் என்று போய் மேலும் அழ வைத்துவிட்டேன். இந்த மாதிரி வேலைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா சொன்னாள். "அந்தத் துணியெல்லாம் எடுத்துட்டு வண்டியக் கொண்டா. ரெண்டு பக்கமும் மூணு துளை ஏத்து. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினா தோள் கோணும்."

திருகுகளைக் கழற்றி, ஏற்றி, முடுக்கினேன். அம்மா முதலில் பிரேக்கைப் பூட்டினாள். கட்டிலை ஊன்றி எழுந்து, பிறகு கைப்பிடிகளைப் பிடித்தாள். பிரேக்கை விடுவித்தாள்.

குனியவில்லை. வண்டியும் ஓடவில்லை, அம்மாவோடு சேர்ந்து நகர்ந்தது.

அதற்காகக் கால்கள் சரியாகிவிட்டன என்று நினைக்காதீர்கள். வலது கால் அப்படியேதான் இழுத்தது. டாக்டர் சொன்னதும் மாறவில்லை. ஆனாலும் வாசல் வரை போனோம். கதவைத் திறந்தேன். தெருவில் இறங்கினோம். பக்கத்து வீட்டைத் தாண்டினோம். அதற்கடுத்த வீட்டின் வாசலில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பிரேக்கைப் பூட்டி, மெதுவாகத் திரும்பி, சீட்டில் உட்கார்ந்தாள்.

அங்கிருந்து பார்த்தால் தெருக்கோடி தெரியும். மூடிய ஷட்டரும் தெரியும். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு தூரம் இன்னிக்கு முடியாது. நாளைக்கும் முடியாது" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "நான் அன்னிக்கு முப்பதுன்னுதான்டி சொன்னேன்" என்றாள்.

நான் தெருவில் போன ஒரு பூனையை மிகவும் கவனமாகப் பார்த்தேன்.

"பொய்ய நல்லாத்தான் தச்சிருக்க. தையல்தான் வெளிய தெரியுது." என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அப்போது தெருமுனையில் அப்பா காக்கிச் சட்டையோடு திரும்பினார். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். பேருந்தை ஓட்டும்போதுகூட அவர் அந்த வேகத்தில் வந்ததில்லை.

"என்னாச்சு? விழுந்துட்டியா?"

"உக்காந்திருக்கேன்" என்றாள் அம்மா.

அப்பா அவளைப் பார்த்தார். கைப்பிடியைப் பார்த்தார். நாங்கள் வந்த தூரத்தைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு வாய் குழறியது. "இல்ல... கடை மூடறதுக்குள்ள... இந்த வண்டியக் கொண்டுபோய்..."

அம்மா பிரேக்கை இன்னும் ஒரு தடவை அழுத்திப் பூட்டினாள்.

"டிரைவர் சார், வண்டியில ஆள் இருக்கறது கண்ணு தெரியல?"