கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"ஏங்க... உங்களைத்தான்... காது கேக்கலையா?"

மூன்றாவது முறை கேட்டபோது அவன் குரலில் எரிச்சல் ஏறிவிட்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்று குடையை உதறிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். தெறித்த தண்ணீர் முழுக்க அவன் சட்டையில். போதாக்குறைக்கு, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் கையைப் பிடித்திருந்த அக்கா மகள் முன்னால் ஓடி அந்தப் பெண்ணின் கைப்பையை இழுத்தாள். அப்போதுதான் அவள் திரும்பினாள். மழைத்துளி தங்கிய இமைகள்... அகலமான கண்கள். அந்தக் கண்கள் அவன் கண்களைப் பார்க்கவில்லை. நேராக உதட்டுக்கு வந்து நின்றன.

"என்ன கேட்டீங்க?"

"இல்ல... காது கேக்கலையான்னு..."

"ஆமாங்க. கேக்காது," என்றாள், மணி கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல.

அப்படியே மழைக்குள் திரும்பி நடந்துவிடலாமா என்றிருந்தது அவனுக்கு. காது கேளாத குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, உலகத்தில் இருக்கிற அத்தனை கேள்விகளையும் விட்டுவிட்டு இதையா கேட்டோம்...

"வாசிப்பு வகுப்புக்குத்தானே? வாங்க. நான்தான் டீச்சர்."

அக்கா மகளை வீட்டில் 'வாண்டு' என்று கூப்பிடுவார்கள். பள்ளியில் கரும்பலகையில் இருப்பதை அச்சு அசலாகப் பார்த்து எழுதுவாள். எழுதியதற்கு அர்த்தம் கேட்டால் விழிப்பாள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்காகத்தான் இந்த மாலை வகுப்பு. அக்காவுக்கு வேலை முடிய நேரமாகும் என்பதால், அழைத்து வரும் பொறுப்பு மாமா தலையில்.

மாமாவோ வானொலி அறிவிப்பாளன். "உங்க குரலைக் கேக்கத்தான் சார் ரேடியோவே போடறோம்" என்று நேயர்கள் உருகுவார்கள். அந்தக் குரலை வைத்துத்தான் அவன் எங்கேயும் தலைநிமிர்ந்து நடந்தான். இவளிடம் அந்தச் சரக்கு செல்லாது என்பது முதல் நாளே புரிந்துவிட்டது.

வகுப்பில் குழந்தைகளைக் கூப்பிட அவள் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவாள். எல்லா முகமும் திரும்பும். அன்று பலகையில் இருந்த வரி, 'வீட்டின் மேல் ஓடு.' அதற்குப் படம் வரையச் சொன்னாள். வாண்டு ஒரு வீடு வரைந்து, அதன் கூரைமேல் தலைதெறிக்க ஓடும் ஒரு மனிதனையும் வரைந்தாள்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"சிரிக்காதீங்க. அவ படிச்சது தப்பே இல்ல," என்றாள் டீச்சர். "மத்த பிள்ளைங்களுக்கு ரெண்டு 'ஓடு'ம் காது வழியாவே வந்துடும். இவங்களுக்குக் கையால காட்டணும், தொட்டுப் பாக்க வைக்கணும், அப்புறம்தான் எழுத்து. எனக்கு ஆறு வயசு வரைக்கும் கேட்டுச்சு. அதனால பேச்சு தங்கிடுச்சு. இவங்களுக்கு அந்த வசதி கிடையாது." அவன் முகத்தைப் பார்த்து, "அப்புறம், இன்னொரு விஷயம். உங்க மீசை பாதி வார்த்தையைத் தின்னுடுது."

மறுநாள் மீசை பாதியாகக் குறைந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். உதட்டோரம் மட்டும் லேசாக...

மழைக்காலம் முழுக்க அவன் பின்வரிசைக் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து சைகை கற்றான். ஒருநாள் 'டீச்சர் நல்லவங்க' என்று கையால் சொல்ல முயன்றபோது வாண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சொல்லிட்டேன்?"

"நான் இனிப்பா இருக்கேனாம்."

"அப்படியா... அப்போ தப்பா ஒண்ணும் சொல்லலையே!"

அவள் சட்டென்று பலகைப் பக்கம் திரும்பினாள். அழித்த இடத்தையே மறுபடி அழித்தாள்.

பெற்றோரை அழைத்துக் குழந்தைகள் வாசித்துக் காட்டிய நாளில் அவன் அம்மாவும் வந்திருந்தாள். வாண்டு ஒரு முழுக் கதையைக் கையால் வாசித்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதினாள். மற்ற பெற்றோர் எழுந்து நின்று டீச்சரைக் கும்பிட்டார்கள். பெருமை தாங்காமல் கூட்டத்தைத் தாண்டிப் பார்த்தாள் டீச்சர். அவன் அம்மா மகன் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே அந்த உதடுகளை அவள் படித்தாள்.

"பொண்ணுக்கு இந்தப் படிப்பு போதும்டா. வேற எதுவும் வேண்டாம்."

அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்!

டீச்சரின் கண் வாண்டுவிடம் போனது. இப்போதுதானே ஒரு கதை படித்திருக்கிறாள்... அதற்குள் போதுமா? இந்த மனிதனா என் எதிரில் கையை ஆட்டி ஆட்டிச் சைகை படித்தான்?

அடுத்த வகுப்பில் அவன் தயங்கித் தயங்கி வந்தான். "அம்மா அன்னைக்குச் சொன்னது..."

"பார்த்தேன். நீங்க தலையாட்டினதையும் பார்த்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

அவன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் முகம் திரும்பிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அவனுக்கும் ரோஷம் இருந்தது. 'சரிதான்... இவளைக் கேக்காம நாங்களே பேசினது தப்பு. பிடிக்கலைன்னு சொல்லிட்டா. விடு.' அந்த வாரமே வாண்டு காய்ச்சலில் படுத்தாள். வகுப்புக்கு ஒரு தகவல் சொல்ல ஃபோனை எடுத்தவன், என்ன எழுதுவது என்று தெரியாமல் கீழே வைத்துவிட்டான்.

வாண்டுவின் நாற்காலி காலியாகவே கிடந்தது. டீச்சர் தினமும் அதைப் பார்த்தாள். நிறுத்திட்டாங்க... நிஜமாவே நிறுத்திட்டாங்க. கோபம், வருத்தம், இன்னொன்றும் கூட... அதற்குப் பெயர் வைக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. சொந்த மனக்குறைக்காக அவனைத் தேடிப் போகமாட்டாள். குழந்தைக்காகப் போகலாம்.

வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு அறைக்கு வெளியே தடித்த கண்ணாடி. உள்ளே மைக் முன்னால் அவன். அவளைப் பார்த்ததும் வாசித்துக்கொண்டிருந்த வரியில் இடறினான். அவசரமாக ஒரு பாட்டைப் போட்டான்.

அவள் காத்திருக்கவில்லை. கண்ணாடியருகே போய்ப் பேசத் தொடங்கிவிட்டாள். அவள் குரல் அந்தப் பக்கம் துளிகூடப் போகவில்லை. அவன் அசையாமல் நின்று அவள் உதட்டைப் பார்த்தான், அவள் இத்தனை நாள் அவன் உதட்டைப் பார்த்ததுபோல... பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்தான்.

"மதிப்பை நிறுத்தாதீங்கன்னா... என்னங்க அர்த்தம்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க! வாண்டுவோட படிப்பை ஏன் நிறுத்தினீங்க?"

"படிப்பா? யாரு நிறுத்தினா? அவளுக்குக் காய்ச்சல். இன்னைக்குத்தான் விட்டுச்சு. எழுந்ததும் பென்சிலைத்தான் தேடினா."

"அப்போ உங்கம்மா... இந்தப் படிப்பு போதும்னு..."

அவன் விழித்தான். அப்புறம் மெல்ல, மிக மெல்ல, அவன் முகம் மாறியது. கண்ணாடியில் ஊதி, மூச்சுப் படர்ந்த இடத்தில் விரலால் எழுதினான். படிப்பு. அதன் கீழே இன்னொன்று. மதிப்பு.

"அம்மா சொன்னது ரெண்டாவது."

அவள் இரண்டையும் பார்த்தாள். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடி, ஒரே மாதிரி திறந்தது. காதுவரை சிவந்துபோனாள். 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒன்று, சந்தேகம் வந்தால் திருப்பிக் கேளுங்கள்... குழந்தைகளுக்கு அவளே நடத்துகிற பாடம். அன்று அவள் திருப்பிக் கேட்கவில்லை.

"பொண்ணுக்கு இந்த மதிப்பு போதும்டா," என்று மெதுவாகக் கோத்துப் பார்த்தாள். "எந்தப் பொண்ணுக்கு?"

"...டீச்சருக்கு."

"எதுக்குப் போதும்?"

ஊரையே பேச்சால் கட்டிப்போடுகிறவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். "வந்து... அது... எங்க வீட்டு மருமகளா..."

"அண்ணே, பாட்டு முடியப் போகுது! வழியறதைத் தொடச்சிட்டு உள்ள போங்க!" என்று கத்தினான் பக்கத்து மேசையிலிருந்த ஒலிப்பதிவுக்காரன்.

அவன் உள்ளே ஓடினான். உட்கார்ந்தான். மைக்கைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டு, அவள் பக்கம் முகத்தைத் திருப்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"கடலா?" என்றாள் அவள், புருவத்தை உயர்த்தி.

அவன் பதறிப்போய்த் தலையை ஆட்டினான். இல்லை, இல்லை... முதல் எழுத்தை நீட்டி, வாயை அகலமாகத் திறந்து மறுபடி சொன்னான். அதற்கும் அவள் முகம் அசையாததைக் கண்டு, இரண்டு கையையும் தூக்கிச் சைகையிலும் சொன்னான். இந்தத் தடவை தப்பில்லாமல்.

அவளுக்கு முதல் தடவையே புரிந்திருந்தது. இன்னொரு தடவை சொல்லட்டுமே என்றுதான்...

அவள் ஒலிப்பதிவுக்காரனிடம் திரும்பினாள்.

"எனக்கும் அப்படித்தான்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. கடலைச் சொல்லல."