ஏசி குடித்த தண்ணீர்

வீடு மாறிப் போகும்போது லல்லி அழவில்லை. காயத்ரிதான் அழுதாள்.

வேனில் பீரோ ஏறியது. கட்டில் ஏறியது. கடைசியில் ஒரு செடித்தொட்டி மட்டும் வாசலில் நின்றது.

"இத நீ வச்சுக்கோடி," என்றாள் லல்லி. "காலாண்டு லீவுல வந்து எடுத்துக்கறேன். வெயில் படக்கூடாது. பத்திரமா பாத்துப்பியா?"

"சத்தியமா பாத்துக்குவேன்."

தொட்டியில் 'லல்லி' என்று எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பச்சை இலைகளில் சிவப்பு நரம்புகள். பொழுது சாய்ந்தால் இலைகள் நிமிர்ந்து கை கூப்பும். இருவரும் அதற்கு வைத்த பெயர் கும்பிடு செடி.

வேன் கடலூர் மஞ்சக்குப்பத்தை விட்டுச் சிதம்பரத்துக்குப் போனது.

காயத்ரியின் வீட்டில் வெளிச்சம் வருவது படுக்கையறை ஜன்னலில் மட்டும். செடி அங்கே போனது. புது ஏசியும் அந்த அறையில்தான் இருந்தது. தம்பி ராஜ்கமலுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு என்று அப்பா வாங்கியது.

ஜூலையில் இலை ஓரங்கள் பழுப்பாயின. தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கின.

"தண்ணி பத்தல. ஜாஸ்தியா ஊத்து," என்றாள் அம்மா.

காயத்ரி காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு ஊற்றினாள். மண் சேறானது. ஒரு தண்டு அழுகிச் சாய்ந்தது. இலை ஓரமோ காய்ந்துகொண்டே போனது. பதினான்கு இலைகள் ஒன்பதாயின.

"அக்கா, இது செத்துட்டா லல்லியக்கா உன்ன அடிப்பாங்களா?" என்று கேட்டான் ராஜ்கமல்.

"வாய மூடு."

அடிக்க மாட்டாள். பேசாமல் இருப்பாள். காயத்ரிக்கு அதுதான் பயம்.

ஆகஸ்டில் மழை பிடித்தது. கொடியில் போட்ட சீருடை இரண்டு நாளாகியும் காயவில்லை. அம்மா அதை ஏசி அறையில் நாற்காலி மேல் விரித்தாள். காலையில் மொறமொறவென்று காய்ந்திருந்தது.

காயத்ரி சட்டையைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள்.

"அப்பா, இந்த ரூம் காத்துல ஈரமே இல்ல."

அப்பா சிரித்தார். "கடலூர்ல ஈரம் இல்லியா? பீச்சு இதோ இருக்கு. உப்பு டப்பாவத் தொறந்தா தண்ணியா நிக்குது. போம்மா!"

"அந்த டப்பா சமையக்கட்டுலதான இருக்கு?"

இரண்டு மூடிகளில் உப்பு எடுத்தாள். ஒன்றைச் சமையலறையில் வைத்தாள். மற்றதைச் செடிக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் சமையலறை உப்பு கசிந்து மூடியோடு ஒட்டியிருந்தது. ஏசி அறை உப்பு மணலாக உதிர்ந்தது.

அப்பா இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"அப்ப செடிய சமையக்கட்டுக்கு மாத்திடவா?" என்றாள் காயத்ரி.

"அங்க ஒரே இருட்டு. எண்ணெப் பொகை வேற," என்றாள் அம்மா.

காயத்ரி பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்து இலைகள் மேல் தெளித்தாள். நான்கு நாளில் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஒன்றை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. அவர்கள் வீட்டு போர் தண்ணீர் அப்படி.

"செடிக்கு ஊறுகா போடுறியாக்கா?" என்றான் ராஜ்கமல்.

அழுகை வந்தது. வீட்டின் பின்பக்கம் போய் உட்கார்ந்தாள். அங்கே ஏசி குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா தரை துடைக்கப் பிடித்து வைக்கும் தண்ணீர்.

சொட்டு. சொட்டு. சொட்டு.

"அப்பா! இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"ரூமுக்குள்ள இருக்கிற ஈரத்த மெஷின் இழுத்து வெளிய தள்ளுதும்மா."

"அப்ப இது செடியோட தண்ணி."

அப்பா வாளியைத் தூக்கி அவளிடம் கொடுத்தார்.

அந்தத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தாள். ஏசி காற்று நேராக அடிக்காத மூலைக்குச் செடியை நகர்த்தினாள். அகலமான தட்டில் செங்கல் துண்டுகளைப் பரப்பி, வாளித் தண்ணீரை ஊற்றினாள். தொட்டியைக் கல் மேல் வைத்தாள். அதன் அடி தண்ணீரில் படவில்லை. தட்டுத் தண்ணீர் தினமும் கொஞ்சம் காற்றில் கலந்து குறைந்தது. தினமும் ஊற்றினாள். தொட்டி மண் காய்ந்தால் மட்டும் அதற்குத் தனியாக ஒரு டம்ளர்.

மூன்று வாரம் கழித்து நடுவில் ஒரு இலை வந்தது. சுருட்டிய பாய் மாதிரி இருந்தது. மெல்லப் பிரிந்தது. ஓரத்தில் பழுப்பே இல்லை.

"பத்து!" என்று கத்தினாள் காயத்ரி.

காலாண்டு விடுமுறை வந்தது. லல்லி வரவில்லை. காயத்ரி மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் லல்லியின் அம்மாதான் எடுத்தார். "அவ வெளையாடிண்டிருக்காம்மா. அப்பறம் பேசச் சொல்றேன்."

"நாமளே கொண்டுபோய்க் குடுத்துடலாம்ப்பா," என்றாள் காயத்ரி.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தொட்டியை மடியில் வைத்திருந்தாள். கால் மரத்துப் போனது.

சிதம்பரத்தில் லல்லியின் வீடு கீழ வீதிக்குப் பக்கத்தில். கூடத்தில் அவளும் ஒரு புதுத் தோழியும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், காயத்ரி! என்னடி சொல்லாம கொள்ளாம?"

"உன் செடி."

"அட, இது இன்னும் இருக்கா? இதையா பஸ்ல தூக்கிண்டு வந்தே?"

புதுத் தோழி சிரித்தாள்.

"நீதான லீவுல எடுத்துக்கறேன்னு சொன்ன?"

"வேன்ல எடமில்ல, தூக்கிப் போடுன்னார் அப்பா. மனசு வரல. அதான் உங்கிட்ட குடுத்தேன்." லல்லி ஸ்ட்ரைக்கரைச் சரியாக வைத்தாள். "சரி, அத வாசல்ல வச்சுட்டு வா. நீயும் ஒரு ஆட்டம் ஆடு."

காயத்ரி வாசலைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு. நிழலே இல்லை. படிக்கல் கொதித்தது.

"வெயில் படக்கூடாது," என்றாள்.

"யார் சொன்னா?"

காயத்ரி தொட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நானே கொண்டுபோறேன்."

"கொண்டுபோயேன்," என்றாள் லல்லி. சுண்டினாள். சிவப்புக் காய் குழியில் விழுந்தது. கைதட்டினாள்.

திரும்பும்போது அப்பா ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டார். புதுச்சத்திரம் வரை காயத்ரி அழுதாள். அதற்கப்புறம் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்தும் பொழுது சாயும்வரை சுரண்டினாள். செடி கை கூப்பியிருந்தது. ஸ்டிக்கர் முழுவதும் வந்துவிட்டது. பசை மட்டும் போகவில்லை. அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

ராஜ்கமல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"இனிமே இது யாரு செடிக்கா?"

"நம்ம செடி."

"அப்ப நான் தண்ணி ஊத்தலாமா?"

காயத்ரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊத்து," என்றாள். "தட்டுல மட்டும்."