நாலாம் நம்பர் கம்ப்யூட்டரின் வரலாறு

ரஸீனின் பெயர் கரும்பலகையில் இல்லை என்றால், அன்று பள்ளிக்கூடம் விடுமுறை என்று பொருள்.

ஆசிரியர் இல்லாத நேரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர்களை எழுதுவது வகுப்புத் தலைவி நிஹாலாவின் வேலை. அவள் சாக்பீஸை எடுத்ததுமே ரஸீன் சொல்லிவிடுவான்.

"முதல்ல என் பேர எழுதிடு. அப்புறம் நிம்மதியா பேசலாம்."

நிஹாலா கம்ப்யூட்டர் மன்றத்துக்கும் தலைவி. லேபில் ஒரு மென்பொருளைப் போடுவதானாலும் நீக்குவதானாலும் அதற்கு அனுமதி வேண்டும். அந்த அனுமதி கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் ஷீஜா டீச்சருக்கு அடுத்தபடியாக நிஹாலாவுக்கு மட்டும்தான் இருந்தது. மலப்புரம் முழுக்கத் தேடினாலும் ஏழாம் வகுப்பில் இப்படி ஒருத்தி கிடையாது என்பது அவளுடைய எண்ணம். லேப் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டுதான் நடப்பாள்.

மன்றத்துப் பிள்ளைகள், அந்த வட்டாரத்துப் பள்ளிகளெல்லாம் போட்டியிடும் உபஜில்லா மேளாவுக்காக ஒரு கார்ட்டூன் படம் செய்துகொண்டிருந்தார்கள். தோணியைத் தவறவிட்டு, நீந்தியே பள்ளிக்கூடம் போகும் ஓர் ஆமையின் கதை. ஆமையை வரைந்தவன் ரஸீன். அது நடக்கிற நடையைப் பார்த்தால் தலைமை ஆசிரியரின் ஞாபகம் வரும். அதை யாரும் வெளியே சொல்லவில்லை.

சனிக்கிழமை மேளா. திங்கட்கிழமை மத்தியானம் சோறும் பயறும் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் லேபுக்கு வந்தார்கள். படம் இருந்த நாலாம் நம்பர் கம்ப்யூட்டரைத் திறந்தால், கார்ட்டூன் செய்கிற மென்பொருளையே காணவில்லை. குரல் பதிவு செய்கிற மென்பொருளும் இல்லை.

"ரஸீன்தான்," என்றாள் நிஹாலா.

அவள் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. அதே கம்ப்யூட்டரில் முன்பே போட்டிருந்த கார் பந்தயத்தை ரஸீன் திருட்டுத்தனமாக விளையாடுவான். வெள்ளிக்கிழமைதான் நிஹாலா அந்த விளையாட்டை நீக்கியிருந்தாள். அப்போது ரஸீன், "பாரு, உனக்கு இருக்கு," என்று எல்லார் முன்னாலும் சொன்னான்.

ஷீஜா டீச்சர் அவனைப் பார்த்தார். "நீ ஏதாச்சும் பண்ணுனியாடா?"

"இல்ல டீச்சர்."

"பின்ன எங்க போச்சு? தானா எந்திரிச்சு நடந்து போச்சா?"

வேறு நாளாக இருந்தால் இதற்கு ரஸீன் ஒரு பதில் வைத்திருப்பான். அன்று, "நான் தொடவே இல்ல டீச்சர்," என்று மட்டும் சொன்னான்.

"மேளா முடியற வரைக்கும் நீ லேபுக்குள்ள வர வேண்டாம். மேளாவுக்கும் நீ இல்லாம மத்தவங்க போகட்டும்," என்றார் டீச்சர்.

ரஸீன் ஒரு தடவை ஆமையைப் பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

டீச்சர் நிஹாலாவிடம் திரும்பினார். "மோளே, இந்தக் கம்ப்யூட்டர்ல எதப் போட்டாலும் எத நீக்குனாலும் அதுவே ஒரு வரலாற்றுக் கோப்புல எழுதி வச்சுக்கும். அதத் திறந்து, எதெல்லாம் போயிருக்குன்னு பாரு. அதெல்லாத்தையும் திரும்பப் போடு. எனக்கு ஸ்டாஃப் ரூம்ல மீட்டிங் இருக்கு."

அவர் போனதும் நிஹாலா உற்சாகமாகக் கோப்பைத் திறந்தாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பத்தி இருந்தது. எப்போது தொடங்கியது, யார் கேட்டது, என்னென்ன வந்தன, என்னென்ன போயின, எப்போது முடிந்தது என்று வரிசையாக எழுதியிருந்தது.

'யார் கேட்டது என்றுகூட இருக்கிறதா! இப்போது மாட்டினான்' என்று நினைத்துக்கொண்டு கடைசிப் பத்திக்குப் போனாள்.

தொடங்கிய நேரம்: வெள்ளிக்கிழமை, மத்தியானம்.

கேட்டவர்: நிஹாலா.

நீக்கியவை: கார் பந்தயம். அதற்குப் படம் காட்டும் துணைப்பொருள். கார்ட்டூன் மென்பொருள். குரல் பதிவு மென்பொருள்.

நிஹாலா மூன்று முறை படித்தாள். பெயர் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை நடந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. விளையாட்டை மட்டும் நீக்கியிருந்தால் வம்பில்லை. 'ரஸீன் இனிமேல் விளையாடவே கூடாது' என்று அதன் துணைப்பொருளையும் சேர்த்து நீக்கச் சொன்னாள். அந்தத் துணைப்பொருளை நம்பித்தான் கார்ட்டூன் மென்பொருளும் குரல் பதிவும் இருந்தன. இரண்டு வீட்டுக்கு ஒரே கிணறு இருக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை என்று கிணற்றை மூடினால் என்ன ஆகும்? அதுதான் ஆகியிருந்தது.

கம்ப்யூட்டர் சும்மா இருக்கவில்லை. 'இவையெல்லாம் சேர்ந்து போகும், சம்மதமா?' என்று ஒரு பட்டியலைக் காட்டிக் கேட்டது. அவள் படிக்காமலே 'ஆம்' என்று தட்டிவிட்டாள்.

அது போகட்டும். ரஸீனுக்கு எதையும் நீக்க அனுமதியே கிடையாதே. அனுமதி இல்லாதவன் எப்படி நீக்குவான்? அதை யோசித்திருக்க வேண்டியவள் தலைவிதான். நிஹாலாவின் காது சுட்டது.

"என்ன போட்டிருக்கு? ரஸீன் பேர் இருக்கா?" என்று அடுத்த கம்ப்யூட்டரிலிருந்து கேட்டான் மன்றத்தில் இருக்கும் அபிநந்த்.

அவன் இருந்த இடத்திலிருந்து திரை தெரியாது. கோப்பை மூடிவிட்டு, போனதைத் திரும்பப் போட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. நிஹாலாவின் விரல் மவுஸின் மேல் நின்றது. ஜன்னல் வழியாக ரஸீன் தெரிந்தான். மைதானத்து ஓரத்தில் குச்சியால் மண்ணில் எதையோ வரைந்துகொண்டிருந்தான். ஆமையாகத்தான் இருக்கும்.

"இல்லடா. என் பேர் இருக்கு," என்றாள் நிஹாலா.

"விளையாடாதடி."

"நீயே வந்து பாரு."

அபிநந்த் வந்து பார்த்தான். பார்த்துவிட்டு மெதுவாகத் தன் இடத்துக்கே போய்விட்டான்.

நிஹாலா ஸ்டாஃப் ரூம் வாசலில் காத்திருந்து, டீச்சர் வெளியே வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் திட்டவில்லை.

"அந்தப் பட்டியலப் படிச்சியா?"

"இல்ல டீச்சர். அவன்மேல இருந்த கோவத்துல தட்டிட்டேன்."

"நானும் யோசிக்காமத்தான் அவன வெளிய அனுப்பிட்டேன். போ, கூட்டிட்டு வா."

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா? அவனுக்கும் அனுமதி குடுங்க. போனத அவனே திரும்பப் போடட்டும்."

"ரஸீனுக்கா? நாளைக்கே எல்லா கம்ப்யூட்டர்லயும் கார் ஓடும்."

"ஓடினா, ஓட்டுனது யாருன்னு எழுதியிருக்கும் டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டார். அவருக்கு நிஹாலாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ரஸீன் லேபுக்குள் வந்தபோது மன்றத்துப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். நிஹாலா சாக்பீஸை எடுத்தாள். ரஸீன் பழக்க தோஷத்தில், "நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல," என்றான்.

அவள் பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டாள். அதற்குக் கீழே 'நிஹாலா' என்று எழுதினாள்.

"நான்தான் பாக்காம பேசிட்டேன். நீக்கினது நான். ரஸீன்மேல ஒரு தப்பும் இல்ல," என்றாள்.

ரஸீன் தலையைச் சொறிந்தான்.

"சரி விடு. உன் கையெழுத்து நல்லாத்தான் இருக்கு," என்றான்.

டீச்சர் அவன் பெயரில் இருந்த கம்ப்யூட்டர் கணக்குக்கு அனுமதி கொடுத்தார். ரஸீன் நாலாம் நம்பர் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தான். நிஹாலா சொல்லச் சொல்லத் தட்டினான். திரையில் ஒரு பட்டியல் வந்தது.

"இதெல்லாம் வரும், சம்மதமான்னு கேக்குது."

"முழுசா படிச்சுட்டுத் தட்டு," என்றாள் நிஹாலா.

"நீ சொல்றியாக்கும்," என்றான் ரஸீன். ஆனாலும் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தான். அவனுடைய ஆமைகூட அதைவிட வேகமாக நடக்கும். கடைசியில் 'ஆம்' என்று தட்டினான்.

சற்று நேரத்தில் எல்லாம் திரும்பி வந்தன. படத்தைத் திறந்ததும் ஆமை தண்ணீரை உதறிக்கொண்டு கரையேறி, தலைமை ஆசிரியர் மாதிரியே நடந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ரஸீன் மட்டும் ஆமையைப் பார்க்கவில்லை. "அந்த வரலாற்றுக் கோப்பத் திற," என்றான்.

நிஹாலா திறந்தாள். கடைசியில் ஒரு புதிய பத்தி சேர்ந்திருந்தது.

கேட்டவர்: ரஸீன்.

நிறுவியவை: கார்ட்டூன் மென்பொருள். அதற்குப் படம் காட்டும் துணைப்பொருள். குரல் பதிவு மென்பொருள்.

அவன் அதை அபிநந்துக்குக் காட்டினான். பிறகு வராந்தாவில் போன ஆறாம் வகுப்புப் பிள்ளைகளையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினான். மணி அடித்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தான்.

அடுத்த பாடவேளைக்கு ஆசிரியர் வரத் தாமதமானது. ரஸீனின் வாய் ஓயவில்லை. வேறு வழியில்லாமல் நிஹாலா எழுந்து கரும்பலகையில் அவன் பெயரை எழுதினாள்.

"தாராளமா எழுதிக்கோ," என்றான் ரஸீன், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு. "என் நல்ல பேரு நாலாம் நம்பர் கம்ப்யூட்டர்ல இருக்கு."