காலை 6.40

2014 ஜூன் 17, செவ்வாய். காலை 9.05.

இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா பகுதியில், மூன்றாம் மாடியிலிருந்த சிறிய மென்பொருள் நிறுவனத்தில் தரவு முழுவதும் அழிந்து கிடந்தது.

அவர்கள் விற்றது தரவுத்தள மென்பொருள். ஒரே தரவைப் பல கணினிகள் பகிர்ந்து வைத்திருக்கும். ஒன்று நின்றாலும் மற்றவை வேலையைத் தொடரும். கப்பல் கம்பெனியொன்று சோதனைக்காகக் கொடுத்த பயணப் பதிவுகள் அங்கே மூன்று கணினிகளில் இருந்தன. பதினொரு மணிக்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். மூன்றிலும் ஒரு வரிகூட இல்லை.

விற்பனையை மட்டுமே கவனிக்கும் முதலாளி சல்வோ, கணினிகளின் பதிவேட்டைத் திரையில் வாசித்தார். 5.00: மூன்றாம் கணினி நின்றது. 5.12: மீண்டும் இணைந்தது. 6.40: அழிக்கும் கட்டளை. மின்வெட்டாக இருக்கும் என்று முதலிரண்டு வரிகளையும் தள்ளிவிட்டார்.

பொறியாளர் எலியோ, தான் எட்டரைக்குத் தனியாக வந்ததாகவும் ஒன்பதுக்குத்தான் திரையைப் பார்த்ததாகவும் சொன்னார். கட்டளை அலுவலகத்துக்குள்ளிருந்தே போயிருந்தது. ஆறரை முதல் ஏழரை வரை உள்ளே இருந்தவர் துப்புரவு வேலை செய்யும் மன்னார்ப் பெண் புனிதமலர். அவர் யாரையோ உள்ளே விட்டிருக்கிறார் என்றார் எலியோ. சல்வோ காவல்துறைத் தலைமையகமான கொஸ்தூராவுக்குப் போன் செய்து முறைப்பாடு கொடுத்தார். நாட்டில் தங்க அனுமதிக்கும் புனிதமலரின் பெர்மெசோவும் புதுப்பிப்புக்காக அங்கேதான் கிடந்தது.

10.10. புனிதமலர் வரவழைக்கப்பட்டார். மொழிபெயர்க்க, அங்கேயே வேலை செய்யும் தமிழ்ப் பெண் நிலக்சியைக் கூப்பிட்டார்கள். அவள் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்.

"அன்ரி, விடிய ஆரும் வந்தவையோ?"

"ஒருத்தரும் வரேல்லை, பிள்ளை."

"ஏதும் தொட்டனீங்களோ?"

புனிதமலர் தரையைப் பார்த்தார். "ஒரு பிளக்கைக் கழட்டினனான். தூசி இழுக்கிற மெசினைக் கொழுவ வேறை இடமில்லை. பிறகு போட்டிட்டன். இவையிட்டைச் சொல்லாதை, நிப்பாட்டிப் போடுவினம்."

"எத்தினை மணிக்கு?"

"ஏழு. கோயில் மணி அடிச்சுக்கொண்டிருந்தது."

"ஏழரைக்குப் பிறகு?"

"நான் வேலை செய்யிற மற்ற இடம், சிஞ்ஞோரா வீட்டை. எட்டு மணி துவக்கம் அவவின்ரை மகளும் நானும் அங்கைதான்."

நிலக்சி திரையருகே போய் அந்த மூன்று வரிகளையும் நெடுநேரம் பார்த்தாள். பிறகு இத்தாலிய மொழியில், குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"ஐந்து மணிக்கு மின்வெட்டு என்றால் மூன்றும் நின்றிருக்கும். நின்றது ஒன்றுதான். அது இவர் பிளக்கைக் கழற்றிய நேரம், ஏழு மணி. பல நாடுகளில் ஓடவேண்டிய மென்பொருள் என்பதால் பதிவேடு கிரீனிச் நேரத்தில் எழுதுகிறது. கோடையில் நாம் அதற்கு இரண்டு மணி நேரம் முன்னே. அப்படியானால் 6.40 என்பது 8.40. அப்போது இங்கே நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள், எலியோ."

எலியோ ஒப்புக்கொண்டார். சோதனைப் பிரதி என்று நினைத்து அசலை அழித்துவிட்டதாகவும், மூன்று கணினிகளும் நொடியில் கீழ்ப்படிந்துவிட்டதாகவும் சொன்னார். பதிவேட்டில் 6.40 என்று கண்டதும் உண்மையை மறைத்துவிட்டாராம். தவறுதலாக நடந்தது என்று இரண்டு முறை சொன்னார்.

"அழித்தது தவறுதலாக," என்றாள் நிலக்சி. "இவர்மேல் பழி போட்டது அப்படியல்ல."

சல்வோ தலை குனிந்திருந்தார். கொஸ்தூராவுக்கு எலியோவே நேரில் போய் உண்மையைச் சொல்லவேண்டும் என்றார். நிலக்சி அதைத் தமிழில் சொன்னதும் புனிதமலர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நானும் போறன். அவர் சொல்லுறதை என்ரை காதாலை கேக்கோணும்."